அட்டவணையில் காலியாக நின்ற பத்தி

அந்தத் தேர்தலில் எனக்கு ஓட்டு கிடையாது; வயது போதவில்லை. ஆனாலும் மயிலாப்பூரில் என்னைவிட அதிகமாக ஓட்டைப் பற்றிப் பேசித் திரிந்தவர்கள் தேர்தலில் நின்ற அபேட்சகர்கள் மட்டும்தான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். யுத்தம் முடிந்திருந்தது. ரேஷன் முடியவில்லை. கியூவில் நிற்கிற இடத்திலெல்லாம் தேர்தல் பேச்சு. நான் அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டு, முன்னால் நிற்பவரிடம், "நீங்க எந்தப் பெட்டி?" என்று கேட்டுவிடுவேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

இப்படிக் கேட்கப் பழக்கிவிட்டவர் எங்கள் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்திய விரிவுரையாளர். முப்பது வயதுகூட ஆகாதவர். கோட்டுப் பையில் எப்போதும் வறுத்த கடலை. ஒருநாள் வகுப்பில் அரசியல் சட்டக் குறிப்புகளைப் பாதியில் நிறுத்திவிட்டு, "ஜெயிச்சவனைப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு. போட்டவனைப் பத்தி ஒருத்தராவது ஒரு வரி எழுதியிருக்காளா?" என்று கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்டதில்லை அது. நான் மட்டும் கையைத் தூக்கி, "நாம எழுதலாமே சார்" என்றேன். வகுப்பு சிரித்தது. மறுவாரம் நானும் இரண்டு மாணவர்களும் அவர் குழுவில் சேர்ந்திருந்தோம்.

வேலை இதுதான். தேர்தலுக்கு முன்னால் மயிலாப்பூரில் சில தெருக்களில் வீடு வீடாகப் போய், யாருக்கு ஓட்டு, ஏன் என்று கேட்க வேண்டும். முடிவு வந்ததும் நாங்கள் கேட்டதை அதனுடன் வைத்துப் பார்க்க வேண்டும். இலாகாத் தலைவருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "தேர்தல்னா சட்டம், தொகுதி, முடிவு. வாசல்வாசலா நின்னு கேக்கறது ஜனத்தொகைக் கணக்கெடுக்கறவன் வேலை" என்று எங்கள் காதுபடவே சொன்னார். சாருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வருஷக் கடைசியில் கடற்கரைப் பக்கத்து மண்டபம் ஒன்றில் அரசியல் பேராசிரியர்கள் கூடுவதாக இருந்தது. அங்கே அவர் படிக்கும் கட்டுரை எடுபட்டால் ஆராய்ச்சி தொடரும். இல்லாவிட்டால் பழையபடி குறிப்புச் சொல்லி எழுதவைக்க வேண்டியதுதான். இது எங்கள் மூவருக்கும் தெரியும். அவரைவிட நாங்கள் அதிகம் பயந்தோம்.

அன்றைய ஓட்டு எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஒரு நிறப் பெட்டி. எங்கள் பக்கம் சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மூன்று. ஓட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்கு உள்ளே தனியாகப் போய் வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். சீட்டில் எழுத ஒன்றுமில்லை. எல்லோருக்கும் ஓட்டும் இல்லை: வீட்டு வரி கட்டுகிறவர்கள், படித்தவர்கள், சில வீடுகளில் கணவன் கட்டும் வரியின் பேரில் மனைவி. வெள்ளைப் பெட்டி கிடைத்த அபேட்சகர் பாவம். "நல்ல நாளும் அதுவுமா வெள்ளையில போய்ப் போடறதா?" என்று அவர் சொந்தத் தெருவிலேயே பெண்கள் முகம் சுளித்தார்கள். சார் அதைக் கேட்டு ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டார்.

மாணவர்கள் இருவரும் மளமளவென்று வேலை செய்தார்கள். அதிலும் நெட்டையாக இருந்தவன், எங்களுக்குள் அவன் பெயரே நெட்டை, ஒரு காலைப் பொழுதில் ஒரு தெருவை முடித்துவிடுவான். வாசலில் நிற்பான், வீட்டுக்காரர் பேப்பரை மடித்துக்கொண்டே, "ரெண்டு ஓட்டும் பச்சை" என்பார். குறித்துக்கொண்டு அடுத்த வீடு. இப்படியே வந்த விடைகளைச் சார் அட்டவணையாகப் போட்டார். கணவன் ஒரு பத்தி, மனைவி ஒரு பத்தி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது. கணவன் பச்சை, மனைவி பச்சை. கணவன் சிவப்பு, மனைவி சிவப்பு.

சாருக்கு ஒரே உற்சாகம். "நம்ம ஊர்ல ஓட்டு ஆளோடது இல்ல, குடும்பத்தோடது. இதுதான் கட்டுரையோட முதுகெலும்பு" என்றார்.

எனக்கு உறுத்தியது. "சார், மனைவி பத்தியில இருக்கறதை யார் சொன்னா?"

"வீட்டுல சொன்னா."

"வீட்டுலன்னா?"

நெட்டை குறுக்கே விழுந்தான். "அடுக்களைக்குள்ள போய்க் கேக்கச் சொல்றியா? விளக்குமாத்தால அடிப்பா."

"உன்னை அடிப்பா. என்னை அடிக்க மாட்டா."

இப்படித்தான் நான் அடுக்களை ஆராய்ச்சிக்காரி ஆனேன். பட்டம் அவன் கொடுத்தது.

நான் முதலில் போனது கோயில் குளத்துக்குத் தெற்கே, இருபது வீடுகூட இல்லாத ஒரு சின்னத் தெரு. அதில் நடுவீட்டுக்காரர் பச்சைப் பெட்டிக்கு ஏஜெண்ட். வாசலிலேயே பச்சைத் துணி கட்டியிருந்தது. அவர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். அவர் மனைவிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளத்துக்கு உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எங்காத்துல அவர் சொல்ற பெட்டிதான்" என்றாள் மாமி, பூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பச்சையா மாமி?"

"வாசல்ல பாக்கலியா நீ?"

மாமியார், "எல்லாருமே பச்சைதான், எழுதிக்கோ" என்றாள். எழுதிக்கொண்டேன். முகம் தொங்கிவிட்டது போலிருக்கிறது; மாமி, "கை அலம்பிக்கோ, காப்பி தரேன்" என்று கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். ராட்டினம் சத்தம் போட ஒரு வாளி இறைத்தாள். அந்தச் சத்தத்துக்குள்ளேயே, "இதோ பாரு. அங்க திரைக்கு உள்ள போனப்புறம் யார் பாக்கப்போறா?" என்று கேட்டுவிட்டு என் கையில் தண்ணீரை ஊற்றினாள். காப்பியில் சர்க்கரைக்குப் பதில் வெல்லம். இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஓட்டமாகச் சாரிடம் ஓடினேன்.

"அது அத்தாட்சி இல்லையே" என்றார் அவர். "கிணத்தடியில ஒரு கேள்வி கேட்டா. அவ்வளவுதான்."

"கேக்கற விதத்துல கேட்டா பதில் வரும் சார். திரைக்கு உள்ள நடக்கறதைத் திரை போட்டுத்தான் கேக்கணும்."

மூன்று காப்பிப்பொடி டப்பாக்கள் வாங்கி, கச்சேரி ரோடு பக்கம் தகர வேலை செய்யும் சாயபுவிடம் கொடுத்து மூடியில் கீறல் போட்டு வாங்கினேன். "உண்டியலா பேட்டி? எந்தக் கோயிலுக்கு?" என்று மகளைக் கூப்பிடுகிற உருதுச் சொல்லால் கூப்பிட்டுக் கேட்டார் அவர். சிவப்பு, பச்சை, வெள்ளைக் காகிதம் ஒட்டினேன். ஒவ்வொரு வீட்டிலும் டப்பாக்களை அடுக்களை மேடையில் வைத்துவிட்டு, ஒரு வெற்றுச் சீட்டைக் கொடுத்துவிட்டு, நான் கொல்லைக்குப் போய்விடுவேன். போட்டாயிற்று என்று குரல் வந்ததும் உள்ளே வருவேன். எந்த டப்பாவில் விழுந்தது என்று எனக்கே தெரியாது. தெருக்கோடியில் மீன்கூடையோடு போன அம்மா ஒருத்தி என்னை நிறுத்தினாள்.

"இன்னாம்மா, டப்பா டப்பாவா தூக்கினு போறே? காப்பித்தூளா?"

"ஓட்டு கேக்கறதுக்கு."

"எனக்கு கீதா ஓட்டு?"

"வரி கட்டற வீடு இருந்தா உண்டு."

"வூடு கடலாண்ட கீது. வர்ஷத்துக்கு ஒருதபா அலை வந்து வாங்கினு போவுது. அது வரி இல்லியா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். சாரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அவளுக்கு நம்ம அட்டவணையில பத்தியே இல்ல" என்றார்.

பெண்களுக்கு டப்பா மிகவும் பிடித்துப்போயிற்று. ஒருத்தி போட்டுவிட்டு, "கொஞ்சம் இரு, மாத்திப் போடலாமா?" என்று கேட்டாள். ஒருத்தி டப்பாவைக் கும்பிட்டாள். ஒருத்தி நான் கொல்லையில் நின்றது போதாது என்று கதவைத் தாழிட்டே விட்டாள். அந்தச் சின்னத் தெரு முழுவதும் முடிந்ததும் டப்பாக்களைச் சார் அறையில் மேஜைமேல் தனித்தனியாகக் கொட்டினோம். எங்கள் அட்டவணையின் கண்ணாடி உடைந்துபோயிருந்தது. நெட்டையின் கணக்கில் அந்தத் தெரு ஏறக்குறைய முழுப் பச்சை. மேஜைமேலோ சிவப்புக் குவியலும் பச்சைக் குவியலும் பார்வைக்கு ஒரே உயரம். வெள்ளையில்கூட இரண்டொன்று இருந்தது.

சார் கடலையை வாயில் போட்டுக்கொள்ளவும் மறந்து நடந்தார். ஜன்னல்வரை போனார், வந்தார். பிறகு நின்றார். "எந்த வீடு?"

"தெரியாது சார். அதுக்குத்தானே டப்பா."

"அப்படின்னா இது என்னைக் காப்பாத்தாது. மொத்தம்னு சொன்னா, பொம்மனாட்டிகள் விளையாட்டா போட்டான்னுடுவா. இந்தக் கணவன் இது, இவன் மனைவி அதுன்னு ஜோடி ஜோடியா வெச்சாத்தான் எவனும் வாயைத் திறக்க மாட்டான்."

வழி சொன்னவன் நெட்டை. சீட்டின் ஓரத்தில் குண்டூசியால் துளை போடலாம். இந்த வீட்டுக்கு இத்தனை துளை என்று வைத்துக்கொண்டால், எந்தச் சீட்டு எந்த வீட்டினுடையது என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். யார் கண்ணுக்கும் படாது. சார் வெகுநேரம் யோசித்தார். "பேர் எதுவும் கட்டுரையில வராது. கணக்குப் போட்டதும் எரிச்சுடலாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கட்டுரை அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அது வேண்டும். கண்ணாடியை உடைத்தவள் நான்தான் என்று அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை! துளை போட்ட சீட்டுக் கட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு அதே தெருவுக்குப் போனேன்.

முதல் வீடாக ஏஜெண்ட் வீட்டைத்தான் வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் டப்பா வந்த செய்தி கேட்டு அங்கேயே வந்திருந்தார்கள். மூவருக்கும் அவரவர் வீட்டுச் சீட்டைக் கொடுத்தேன்; மாமி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"போன வாரந்தானே போட்டோம், மறுபடியுமா?"

"இன்னொரு தடவை சரிபாக்கணும் மாமி."

அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என்னை. "நீயும் பாக்க மாட்டியோல்லியோ?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். சந்தேகமே இல்லாத குரல். அவள் கணவர் மாலையில் வீடு திரும்புவார். வாசலில் பச்சைத் துணி இருக்கிறது. இந்தச் சீட்டு சிவப்பு டப்பாவில் விழுந்தால் அது நான்கு பேர் கைக்குப் போகும். சார், நெட்டை, இன்னொருவன், நான். எரிப்பதற்கு முன்னால் நான்கு பேர். நான் எப்போதுமே யோசித்துப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கும் வாய் முந்திக்கொண்டது.

"பாக்கலாம் மாமி. அந்த ஓரத்துல துளை இருக்கு பாருங்கோ. அதை எண்ணினா எந்த ஆத்துச் சீட்டுன்னு தெரிஞ்சுடும்."

பக்கத்து வீட்டுப் பெண்களில் ஒருத்தி, "அடிப்பாவி!" என்றாள். மற்றவள் தன் சீட்டை விரலைச் சுட்டுவிட்டதுபோல் கீழே போட்டாள். மாமி மட்டும் சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். துளைகள் ஒவ்வொன்றிலும் வெளிச்சம் வந்தது.

"யார் போட்டது? நீயா?"

"எங்க குழுவுல ஒருத்தன். சாருக்கு ஜோடி ஜோடியாத் தெரியணும். தெரியலேன்னா அவர் கட்டுரை எடுபடாது."

"எடுபடாட்டா?"

"மனைவி எல்லாம் ஆத்துக்காரர் போட்ட பெட்டியிலதான் போடறான்னு பழைய கணக்கே அச்சாயிடும்."

மாமி தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினாள். "மிச்சச் சீட்டெல்லாம் எங்கே? குடு" என்றாள். கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் முழுக்கக் குத்த ஆரம்பித்தாள். மற்ற இருவரும் ஆளுக்கு ஒரு ஊக்கைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

கூடத்திலிருந்து மாமியார் எட்டிப்பார்த்தாள். "என்னடி பண்ணிண்டிருக்கேள் கூட்டமா?"

"கோலத்துக்குப் புள்ளி வெக்கறோம்மா."

"காயிதத்துலயா?" மாமியார் கிட்டே வந்து நின்றாள். டப்பாக்களைப் பார்த்தாள். மூவரையும் பார்த்தாள். அந்தம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "வீடு என் பேர்ல இருக்கு. எனக்கு ஒண்ணு கிடையாதா?" என்றாள். சீட்டைக் கொடுத்தோம். எங்கள் எல்லோரையும் கொல்லைக்கு விரட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமி கிணற்றுக் கட்டையில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சீட்டுகளைச் சார் மேஜைமேல் வைத்தேன். எல்லாவற்றிலும் ஓரம் முழுக்க ஒரே மாதிரி துளை, அப்பளம் மாதிரி. நெட்டை ஒன்றை எடுத்து எண்ணப் பார்த்து, இன்னொன்றை எடுத்து எண்ணப் பார்த்து, "கெடுத்துட்டியே!" என்று கத்தினான்.

"நான் சொன்னேன். அவா கெடுத்தா."

சார் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் ஒரு சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து அறையைத் துளை வழியே பார்த்துக்கொண்டிருந்தார். "அவா கேட்டதும் சொல்லிட்டேளா?" என்றார்.

"ஆமா சார்."

"ம்." சீட்டைக் கீழே வைத்துவிட்டு, "நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். கோபமா வெட்கமா என்று தெரியவில்லை.

மீதி இருந்தது முதல் தடவை எண்ணிய தெருவின் மொத்தக் கணக்கு மட்டும். அதையாவது போடலாம் என்றான் நெட்டை. அதற்கும் நானே குறுக்கே நின்றேன். இருபது வீடுகூட இல்லாத தெரு. பாதிப் பேர் சிவப்பு என்று அச்சில் வந்தால், ஏஜெண்ட் அன்று ராத்திரியே சாப்பாட்டு இலையிலிருந்து நிமிர்ந்து மாமியைப் பார்ப்பார். தெருவில் ஒவ்வொரு கணவரும் அப்படிப் பார்ப்பார். சார் தலையை ஆட்டினார். ஆனால் பழைய கண்ணாடி அட்டவணையையும் அவர் போடவில்லை. கணவன் பத்தியை நிரப்பினார். மனைவி பத்தியைத் தலைப்போடு அப்படியே காலியாக விட்டார். அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி: கணவர் சொன்ன விடையை மனைவியின் விடையாகக் கொள்ள இயலவில்லை, மனைவியரின் விடையை அவர்கள் மறைவு கெடாமல் அறிய வழி இன்னும் கிடைக்கவில்லை.

மண்டபத்தில் நான் கடைசி வரிசையில் இருந்தேன். சார் படித்து முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, பாதிப் பேர் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்றே தெரியாத ஆராய்ச்சியை ஆராய்ச்சி என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். "எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும்" என்றார் சார். மண்டபமே சிரித்தது. எழுந்து மூன்று டப்பாவைப் பற்றியும் சொல்லிவிடலாமா என்று துடித்தேன். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் கூட்டம் கலைந்தபோது வடக்கேயிருந்து வந்திருந்த இருவர் சாரைச் சூழ்ந்துகொண்டு அந்தக் காலிப் பத்தியைப் பற்றியே கேட்டுக்கொண்டு நின்றார்கள். இலாகாத் தலைவர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆராய்ச்சி தொடர்ந்தது.

கட்டுரை அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். இங்கிலீஷில் இருந்ததைத் துண்டு துண்டாய் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் அட்டவணையில் விரலை வைத்துக் கீழே இறக்கினாள்.

"இது எங்காத்துக்காரா மாதிரி எல்லாருமா?"

"ஆமா மாமி."

"இது?"

"உங்க இடம். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு காலியா விட்டிருக்கார்."

அவள் விரல் காலிப் பத்தியிலேயே நின்றது. "பாக்கறவா, நாங்க யாரும் அன்னிக்கு ஓட்டுப் போடப் போகவே இல்லைன்னு நினைச்சுக்க மாட்டாளா?"

"கீழே குறிப்பு இருக்கு மாமி."

"பொடி எழுத்தை யார் படிப்பா?"

அவள் சொன்னது நடந்தது. கட்டுரையை இப்போது நாலைந்து பேர் தங்கள் எழுத்தில் எடுத்துக் காட்டுகிறார்கள். அதில் ஒருவர் அந்தக் காலிப் பத்தியைச் சுட்டி, தெற்கத்திப் பெண்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்று எழுதிவிட்டார். படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சார் மறுப்பு எழுதியிருக்கிறார். அது வர மாதங்கள் ஆகும். வந்தாலும் எத்தனை பேர் படிப்பார்களோ.

இனிமேல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று பேசிக்கொள்கிறார்கள். நான் சாரின் ஆராய்ச்சி மாணவியாகிவிட்டேன். போன மாதம் முழுக்க அவரோடு சண்டை. கடைசியில் ஒன்று தோன்றியது. ஒரு தெரு என்றால்தான் ஒரு வீடு மாட்டிக்கொள்கிறது. மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு, கடலோரக் குப்பம் எல்லாவற்றையும் கேட்டு, எல்லாத் தெருச் சீட்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டு எண்ணினால், எந்தக் கணவன் எந்த இலையிலிருந்து நிமிர்ந்து பார்க்க முடியும்? பத்தியையும் நிரப்பலாம், எந்த வீட்டையும் காட்டாமல் இருக்கலாம். சார் இன்னும் சரி என்று சொல்லவில்லை. இத்தனை தெருவுக்கு ஆள் எங்கே என்கிறார். கதவைத் தாழிட்டுக்கொள்கிற வீடுகளில் எவன் நுழைவான் என்கிறார்.

நேற்று மாமியிடம் போய் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கழுநீரைச் சாய்த்தாள்.

"கலந்துட்டா எங்க பத்தியில எழுதுவாளா?"

"எழுதுவோம் மாமி."

"எத்தனை தெருவுக்கு ஆள் வேணும்?" என்றாள்.